ஒன்ராறியோவின் சீனியர் ஐஸ் ஹொக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரி தொடங்கினால் வெள்ளி இரவுகளில் என்னை வீட்டில் காண்பது அரிது. எங்காவது ஒரு ஐஸ் அரங்கில் மரவாங்கில் இருப்பேன். "லீஃப்ஸ் ஆட்டமோ?" என்று ரொறன்ரோவின் என்.எச்.எல். அணியான மேப்பிள் லீஃப்ஸை நினைத்துக் கேட்பவர்களிடம் "இல்லை, சீனியர் ஹொக்கி" என்று சொன்னால் போதும், அடுத்தடுத்த கேள்விகள் வரிசையாக வரும். வேலைத்தளத்திலும் கோயில் வாசலிலும் பிறந்தநாள் வீடுகளிலும் என்னிடம் கேட்கப்பட்டவற்றை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். ரொறன்ரோவைச் சுற்றி வாழும் எங்கள் ஆட்களை நினைத்து எழுதியது இது. ஆனாலும் ஹொக்கி என்றால் புல்தரையில் ஆடுவது என்று மட்டும் தெரிந்தவர்களுக்கும் விளங்கும்.

சீனியர் என்றால் வயதுபோன ஆட்களின் ஆட்டமா?

இல்லை. கனடாவில் ஹொக்கி வயதுவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சிறுவர் பிரிவுகளுக்கு அடுத்தது ஜூனியர். அது 20 வயதோடு முடிகிறது. அதைத் தாண்டிய எல்லோரும் சீனியர்தான். 22 வயதுப் பெடியனும் 38 வயதுத் தகப்பனும் ஒரே அணியில் ஆடுவார்கள். பார்த்தவுடன் யார் எந்த வயது என்று சொல்லமுடியாத வேகத்தில் ஆடுவார்கள்.

அப்படியானால் இரவு பத்து மணிக்கு நண்பர்கள் கூடி ஆடுகிறார்களே, அதுவா?

அது பொழுதுபோக்கு லீக். 'பியர் லீக்' என்று செல்லமாகச் சொல்வார்கள். அங்கே உடலால் மோதி விழுத்த அனுமதி இருக்காது, பார்க்க வருவோர் பெரும்பாலும் மனைவியும் பிள்ளைகளும்தான். சீனியர் லீக்கில் ஊரின் பெயரைத் தாங்கிய அணி, ரிக்கெற் வாங்கி வரும் பார்வையாளர், நடுவர்கள், பயிற்றுநர், புள்ளிப்பட்டியல், இறுதிச்சுற்று எல்லாம் உண்டு. தரத்தை ஏ, இரண்டு ஏ, மூன்று ஏ என்று பிரிப்பார்கள். மூன்று ஏ உச்சம்.

யார் ஆடுகிறார்கள்? சம்பளம் கிடைக்குமா?

தீயணைப்பு வீரர், மின்வேலைக்காரர், ஆசிரியர், பண்ணைக்காரர், வீட்டுக்குக் கூரை போடுபவர். பகலில் வேலை, கிழமையில் ஓரிரு நாள் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். சிலர் ஜூனியரில் பெயரெடுத்து, பல்கலைக்கழக அணியிலோ ஐரோப்பாவிலோ சில காலம் ஆடிவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர்கள். ஒருசிலர் வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். வரை போய் வந்தவர்களாகவும் இருப்பார்கள். கல்கரி ஃபிளேம்ஸ் அணியின் நட்சத்திரமாக இருந்த தியோ ஃபிளூரி, என்.எச்.எல். வாழ்க்கை முடிந்தபின் 2005இல் அல்பேர்ட்டாவின் ஹோர்ஸ் லேக் தண்டர் என்ற சீனியர் அணிக்கு ஆடினார்.

பணம் என்று பார்த்தால், இது அமெச்சூர் ஆட்டம். சில கழகங்கள் பெற்றோல் செலவு கொடுக்கும், ஹொக்கி மட்டை வாங்கித் தரும். அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகவேண்டும் என்று தெரிந்துகொண்டே பக் என்ற கெட்டி இறப்பர் வட்டின் முன்னால் விழுந்து தடுக்கிறார்களே, அதற்காகத்தான் நான் போகிறேன்.

எங்கள் ஊர்களில் விளையாட்டுக் கழகங்கள் இருந்ததை நினைத்துப் பாருங்கள். மாலையில் லைற் போட்டுக் கரப்பந்தாட்டம், பக்கத்து ஊருடன் உதைபந்தாட்ட இறுதியாட்டம். ஆடுபவரைப் பகலில் சந்தையில் கண்டிருப்பீர்கள். அந்த நெருக்கம் இங்கேயும் உண்டு. சனிக்கிழமை கோல் அடித்தவர்தான் செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டு வெப்பமூட்டியைத் திருத்த வருவார்.

ஆலன் கோப்பை என்கிறார்களே, அது என்ன?

கனடாவின் சீனியர் ஹொக்கிக்கான தேசியக் கோப்பை. இன்று என்.எச்.எல். வெற்றியாளருக்குக் கிடைக்கும் ஸ்ரான்லி கோப்பையும் முதலில் அமெச்சூர் அணிகளுக்காகத்தான் 1890களில் கொடுக்கப்பட்டது. பிறகு பணம் கொடுத்து வீரர்களை எடுத்த அணிகள் அதைக் கைப்பற்றிக்கொண்டன. அமெச்சூர்களுக்குக் கோப்பை இல்லாமல் போனதால், மொன்றியலின் செல்வந்தர் சேர் மொன்ரேகு ஆலன் 1908இல் ஒரு புதுக் கோப்பையைக் கொடுத்தார். 1909இல் அதை முதலில் வைத்திருந்தது ஒற்றாவா கிளிஃப்சைட்ஸ் அணி.

தென் ஒன்ராறியோவின் மூன்று ஏ அணிகள் கூடி ஆடிய லீக்குக்கே 'ஆலன் கப் ஹொக்கி' என்றுதான் பெயர் வைத்தார்கள். போய்ச் சேரவேண்டிய இடத்தையே பெயராக வைத்துக்கொண்ட லீக் அது.

ஒரு ஊர்க் கழகம் கனடாவின் தேசிய அணியாக உலக சம்பியன்ஷிப்புக்குப் போனதாமே, உண்மையா?

உண்மைதான். பலர் நம்புவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒலிம்பிக்கிலும் உலக சம்பியன்ஷிப்பிலும் அமெச்சூர்கள் மட்டுமே ஆடலாம் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. என்.எச்.எல். வீரர்கள் போகமுடியாது. அதனால் கனடா ஒரு சீனியர் கழகத்தைத் தேர்ந்து, நெஞ்சில் மேப்பிள் இலையைக் குத்தி அனுப்பிவைக்கும். பெரும்பாலும் ஆலன் கோப்பையை வென்ற அணிக்கே அந்த வாய்ப்பு. 1952 ஒஸ்லோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது எட்மன்ரன் மேர்க்குரிஸ். ஒரு கார் விற்பனை நிலையத்தின் ஆதரவில் ஆடிய கழகம் அது. அதற்குப் பிறகு கனடா ஆண்கள் ஒலிம்பிக் தங்கத்தைத் தொட 2002 வரை, சரியாக 50 ஆண்டுகள், காத்திருக்கவேண்டி வந்தது.

1954இல் சோவியத் ஒன்றியம் முதல்தடவையாக உலக சம்பியன்ஷிப்புக்கு வந்தது. கனடா அனுப்பியது ஈஸ்ற் யோர்க் லிண்ட்ஹேர்ஸ்ற்ஸ் என்ற இரண்டாந்தரச் சீனியர் அணியை. ஆம், ரொறன்ரோவுக்குள் இருக்கும் அதே ஈஸ்ற் யோர்க். ஸ்ரொக்ஹோமில் 7-2 என்று தோற்றார்கள். நாடே துக்கத்தில் ஆழ்ந்தது. அந்த வீரர்களைப் பலர் பழித்தார்கள். சாதாரண வேலைக்காரர்களை ஒரு வல்லரசின் முழுநேர அணிக்கு எதிராக அனுப்பிவிட்டு அவர்களையே குற்றம் சொன்னது பெரிய அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவின் பென்ரிக்ரன் வீஸ் போனது. பென்ரிக்ரன் பழத்தோட்டங்களின் ஊர். அங்கே விளைந்த வலியன்ற், வெடெற், வெற்றரன் என்ற மூன்று பீச் பழவகைகளின் ஆங்கில முதலெழுத்தான V தான் அணியின் பெயர். பழத்தின் பெயரில் ஆடிய அந்த அணி 1955 மார்ச் 6 அன்று மேற்கு ஜேர்மனியின் கிரேஃபெல்டில் சோவியத்தை 5-0 என்று வீழ்த்தியது. வானொலியில் ஆட்டத்தை வர்ணிக்க ஃபொஸ்ரர் ஹியூவிற் அங்கேயே போயிருந்தார்.

விற்பி அணியைப் பற்றி ஏன் அடிக்கடி பேசுகிறீர்கள்?

ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜாக்ஸிலும் விற்பியிலும் இவ்வளவு தமிழர் வாழ்கிறோம், அந்த ஊரின் மிகப்பெரிய கதை நம்மில் பலருக்குத் தெரியாது. அதனால்தான்.

விற்பி டன்லொப்ஸ், ரயர் செய்யும் டன்லொப் நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய அணி. 1957இல் ஆலன் கோப்பையை வென்றது. 1958இல் கனடாவாக ஒஸ்லோவுக்குப் போனது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் சோவியத் ஸ்புட்னிக்கை வானில் ஏவியிருந்தது. எதில் யார் முந்துகிறார்கள் என்று உலகமே பார்த்துக்கொண்டிருந்த நேரம். கடைசி ஆட்டத்தில் இரு அணிகளும் நேருக்குநேர் வந்தன. விற்பி 4-2 என்று வென்றது.

அந்த அணியின் தலைவர் ஹரி சிண்டன். பிறகு பொஸ்ரன் புரூயின்ஸுக்குப் பயிற்றுநராகி 1970இல் ஸ்ரான்லி கோப்பையை வென்றுகொடுத்தார். 1972இல் கனடாவும் சோவியத்தும் மோதிய புகழ்பெற்ற எட்டு ஆட்டத் தொடரில் கனடாவின் பயிற்றுநரும் அவர்தான். அணியிலிருந்த இன்னொருவர் பொப் அற்றர்ஸ்லி. அவர் பின்னாளில் விற்பியின் நகரபிதாவானார். உலக சம்பியன்ஷிப் வென்ற ஒருவர் அதே ஊரில் தங்கி, அதே ஊரின் வீதிகளையும் குழாய்களையும் பற்றி நகரசபையில் பேசியிருக்கிறார் என்பது எனக்கு அந்த 4-2ஐ விடவும் பெரிதாகத் தெரிகிறது.

1959இலும் டன்லொப்ஸ் ஆலன் கோப்பையை வென்றது.

பிறகு ஏன் ஊர் அணிகளை அனுப்புவதை நிறுத்தினார்கள்?

கடைசியாக உலக சம்பியனான ஊர் அணி, உலோகம் உருக்கும் ஆலையால் வாழ்ந்த ட்ரெயில் என்ற சிறுநகரத்தின் ஸ்மோக் ஈற்றர்ஸ். 1961இல் ஜெனீவாவில் சோவியத்தை 5-1 என்று வென்றது. அதன்பின் சோவியத், செக், சுவீடன் அணிகள் மளமளவென்று முன்னேறின. வேலை முடித்து வந்து பயிற்சி எடுப்பவர்களால் இனி ஈடுகொடுக்க முடியாது என்று கண்டு, பாதிரியார் டேவிட் பவர் 1964 ஒலிம்பிக்குக்காக மாணவர்களைத் திரட்டி நிரந்தரமான ஒரு தேசிய அணியை உருவாக்கினார். ஆனாலும் ட்ரெயிலின் வெற்றிக்குப் பிறகு கனடா மீண்டும் உலக சம்பியனாக 33 ஆண்டுகள் சென்றன. 1994இல்தான் அது நடந்தது.

குடியேறி வந்தவர்களுக்கு இந்த ஆட்டத்தில் இடம் இருந்ததா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது என் மகள். அவளுக்குச் சொன்ன கதையையே இங்கேயும் சொல்கிறேன்.

வினிப்பெக்கில் ஐஸ்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் ஆடிய அணி வினிப்பெக் ஃபல்கன்ஸ். நகரத்தின் பெரிய கழகங்கள் அவர்களைத் தங்களோடு சேர்க்க விரும்பவில்லை. முதலாம் உலகப்போர் வந்தது. அணியினர் படையில் சேர்ந்தார்கள். அவர்களில் ஃபிராங்க் தோர்ஸ்ரைன்சன், ஜோர்ஜ் கம்பர்ஸ் ஆகிய இருவர் திரும்பி வரவில்லை. போர் முடிந்து வந்தவர்களுக்கு அப்போதும் நகரத்தின் சீனியர் லீக்கில் கதவு திறக்கவில்லை. மற்ற ஊர்களோடு சேர்ந்து வேறு லீக்கில் ஆடி, பிறகு நகரத்தின் வெற்றியாளரையே தோற்கடித்து, 1920இல் ஆலன் கோப்பையையும் எடுத்தார்கள்.

அந்த வசந்தத்தில் பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப்பில் ஒலிம்பிக் வரலாற்றின் முதல் ஐஸ் ஹொக்கிப் போட்டி. கனடாவாகப் போனது ஃபல்கன்ஸ். செக்கோஸ்லோவாக்கியாவை 15-0, அமெரிக்காவை 2-0, சுவீடனை 12-1. முதல் ஒலிம்பிக் ஹொக்கித் தங்கம் அவர்களுக்கே. அணித்தலைவர் ஃபிராங்க் ஃபிரெட்ரிக்சன் உட்பட ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஐஸ்லாந்து வழிவந்தவர்கள்.

மகள் கேட்டாள், "அப்ப அவர்களை வேண்டாம் என்றவர்கள் என்ன செய்தார்கள், அப்பா?" வினிப்பெக் ஊரே திரண்டு வந்து ஊர்வலமாக வரவேற்றது என்றேன். அவள் கொஞ்சநேரம் பேசவில்லை.

முதல்முறை பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்கவேண்டும்?

மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 20 நிமிடம். ஆட்டம் நின்றால் கடிகாரமும் நிற்கும். இடைவேளைகளோடு இரண்டரை மணிநேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஐந்து பேரும் கோல்காப்பாளரும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்களை மாற்றுவார்கள். ஒருவர் ஒரு நிமிடத்துக்கு உள்ளாகவே மூச்சு வாங்கி வெளியே வந்துவிடுவார். துடுப்பாட்டத்தில் பழகிய கண்ணுக்கு இது முதலில் குழப்பமாக இருக்கும்.

இரண்டு விதி தெரிந்தால் பாதி ஆட்டம் விளங்கும். எதிரணியின் பக்கத்திலுள்ள நீலக்கோட்டைப் பக் தாண்டுமுன் அதே அணியின் ஆள் தாண்டக்கூடாது, அது ஓஃப்சைட். நடுவிலுள்ள சிவப்புக்கோட்டுக்குத் தன் பக்கமிருந்து பக்கை நேரே எதிரணியின் கடைசிவரை அடித்துத் தள்ளினால் அது ஐசிங். தவறு செய்தவர் பெரும்பாலும் இரண்டு நிமிடம் பெட்டிக்குள் இருக்கவேண்டும், அதுவரை அவருடைய அணிக்கு ஒராள் குறைவு. மற்ற அணிக்கு இதுதான் பவர் பிளே. அந்த இரண்டு நிமிடத்தில் அரங்கின் சத்தமே மாறும்.

பக்கைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை என்று எல்லோரும் முறையிடுவார்கள். பக்கைத் தேடாதீர்கள். ஆட்கள் எங்கே திரும்புகிறார்கள் என்று பாருங்கள், பக் அங்கேதான் இருக்கும்.

உள்ளேதானே, குளிருமா?

குளிரும். கோட், தொப்பி, காலுறை எல்லாம் போட்டுப் போங்கள். மரவாங்கில் இருக்க ஒரு போர்வையும் கொண்டுபோனால் நல்லது. எங்கள் வீட்டில் ஒரு குடுவையில் தேநீரும் போகும். கன்ரீனில் கோப்பி, ஹொட் சொக்லேற், பொரித்த உருளைக்கிழங்கு கிடைக்கும்.

இடைவேளையில் சம்போனி வண்டி வரும்போது பிள்ளைகளைக் கண்ணாடிக்குக் கிட்டக் கூட்டிப்போங்கள். தேய்ந்த ஐஸைச் சீவி எடுத்து, சுடுதண்ணீரை மெல்லியதாகப் பரப்பிப்போகும். சூடான நீர் கீறல்களுக்குள் நன்றாக இறங்கி உறைவதால் தரை கண்ணாடிபோல வரும். அந்த ஐஸ் முழுவதும் ஏறத்தாழ ஓர் அங்குலத் தடிப்புத்தான்.

ஐம்பதுக்கு ஐம்பது என்று ரிக்கெற் விற்கிறார்களே, வாங்கலாமா?

வாங்கலாம். சேர்ந்த பணத்தில் பாதி வெல்பவருக்கு, மறுபாதி கழகத்துக்கோ ஊரின் நற்பணிக்கோ. அரங்க வாடகை, நடுவர் கட்டணம், பஸ் செலவு எல்லாவற்றுக்கும் கழகங்கள் இப்படித்தான் சில்லறை சில்லறையாகச் சேர்க்கின்றன. வாசலில் ரிக்கெற் கிழிப்பவரும் மணி அடிப்பவரும் தொண்டர்கள்.

சண்டை பிடிப்பார்களே, பிள்ளைகளோடு போகலாமா?

சண்டை இல்லை என்று சொன்னால் பொய். முன்னையவிட வெகுவாகக் குறைந்திருக்கிறது. பிடித்தால் குறைந்தது ஐந்து நிமிடம் பெட்டிக்குள். நான் பிள்ளைகளோடுதான் போகிறேன். சண்டை தொடங்கும்போது கைதட்டுவதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். உடல்மோதல் வேறு, அது விதிக்குள் அடங்கிய திறமை. பக் வைத்திருப்பவரைத் தோளால் முறையாக மோதிப் பிரிப்பதற்கு எவ்வளவு கணிப்பு வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுங்கள்.

ரொறன்ரோவுக்குக் கிட்ட எந்த ஊர்களுக்கு இந்த மரபு உண்டு?

ஹமில்ரன் பக்கம் டண்டாஸ் ரியல் மக்கோய்ஸ், 2014இல் சொந்த ஊரிலேயே ஆலன் கோப்பையை வென்றவர்கள். அதே பக்கத்து ஸ்ரோனி கிறீக் ஜெனரல்ஸ் 2018இல் சஸ்கச்சுவானின் ரோஸ்ரவுன் வரை போய் வென்றார்கள். வெய்ன் கிரெற்ஸ்கி பிறந்த பிரான்ற்ஃபேர்டின் பிளாஸ்ற் அணி 2008இல் வென்றது. மேற்கே ஹியூரன் ஏரிப்பக்கத்துப் பண்ணை ஊர்களிலும் சீனியர் ஹொக்கி நெடுங்காலமாக ஆடப்படுகிறது. அணிகள் கூடும், குறையும், பெயர் மாறும். கிளம்பும் முன் அந்தப் பருவத்தின் அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

ஏன் மூன்று ஏ அணிகள் குறைந்துகொண்டு வருகின்றன?

முதற்காரணம் தொலைக்காட்சி. 1952இல் கனடாவில் ஹொக்கியைத் திரையில் காட்டத் தொடங்கினார்கள். சனிக்கிழமை இரவு வீட்டில் இருந்தபடியே லீஃப்ஸையும் மொன்றியல் கனடியன்ஸையும் பார்க்கலாம் என்றானபின் ஊர் அரங்குக்கு வரும் கூட்டம் குறைந்தது. அடுத்தது 1967. அதுவரை என்.எச்.எல்.லில் ஆறே அணிகள். நல்ல வீரர்கள் எத்தனையோ பேர் இடமில்லாமல் சீனியரில் ஆடினார்கள், அதனால்தான் பென்ரிக்ரனும் விற்பியும் அவ்வளவு பலமாக இருந்தன. 1967இல் ஆறு பன்னிரண்டானது. திறமையானவர்களை அங்கே இழுத்துக்கொண்டார்கள்.

இப்போது ஐஸ் நேரத்தின் கட்டணமும் தூரப் பயணமும் கழகங்களை நெரிக்கின்றன. 2020இல் கொவிட் வந்து ஆலன் கோப்பைப் போட்டியே நடக்கவில்லை. ஒரு மாரி ஆடாமல் விட்டால் தொண்டர்களை மீண்டும் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பது எந்தக் கழகத்தை நடத்தியவருக்கும் தெரியும். எனக்கு இதில் உண்மையான கவலை இருக்கிறது. புதிதாகக் குடிவந்த நாங்கள் நூறு பேர் போய் உட்கார்ந்தால் சில அரங்குகளில் அதுவே பெரிய வித்தியாசம்.

எனக்கு ஸ்கேற்றிங்கே தெரியாது. நாற்பது வயதில் பழகலாமா?

பழகலாம், நான் பழகினேன். நகரசபை அரங்குகளில் பொதுமக்கள் சறுக்கும் நேரம் உண்டு, பெரியவர்களுக்கான வகுப்புகளும் உண்டு. தலைக்கவசம் இல்லாமல் ஐஸில் கால் வைக்காதீர்கள். ஸ்கேற்ஸைப் புதிதாக வாங்கினால் முதலில் கூராக்கிக்கொள்ளவேண்டும், கடையில் தருவது பெரும்பாலும் அப்படியே ஓடாது. முதலில் விழப் பழகுங்கள். முழங்காலை மடித்துப் பக்கவாட்டில் விழுந்தால் அடி குறைவு. சீனியர் லீக்குக்குப் போகமாட்டோம், ஆனால் முன்னால் வேகமாக ஓடி ஒரே அடியில் நிற்பவரைப் பார்க்கும்போது அதன் அருமை உடம்புக்கே தெரியும்.

பக் வெளியே பறந்து வந்து எனக்குக் கிடைத்தால் திருப்பிக் கொடுக்கவேண்டுமா?

வேண்டாம், உங்களுக்குத்தான். ஆனால் கோல்களுக்குப் பின்னால் வலை கட்டியிருந்தாலும் பக்கவாட்டில் இருப்பவர்கள் ஆட்டம் நடக்கும்போது கைபேசியைப் பார்க்காதீர்கள். கெட்டியான இறப்பர் அது, ஆறு அவுன்ஸ் பாரம். கையில் எடுத்தவுடன் சில்லென்று இருக்கும். ஐஸில் துள்ளாமல் வழுக்கவேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்பே உறையவைத்துக் கொண்டுவருவார்கள்.